கடல் கடந்த இல்லறம்

(நம் சங்கத்தின் உத்தரமேரூர் வட்டாரக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியத் தொழில் பூண்ட நம்மவருடைய குடும்ப வாழ்க்கையைப்பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். யான் கடல் கடந்தவனல்லேன். சென்னைக்கு அப்பால் யான் கண்ட ஊர்களும் மிகச் சில. பள்ளிச் சிறார்க்கு எழுத்தும் சொல்லும் கற்பித்து நாட்கழிப்பவன். எனினும், என் உடன்பிறந்த இளவல் ஒருவன் அமெரிக்க நாட்டில் ஆங்கில ஆசிரியனாய்க் குடும்பத்தோடு வாழ்கின்றான். அவன் குடும்பத்தின்பால் யான் கண்டவற்றையும், அக்குடும்பத்திற்கு யான் இழைத்த பிழை ஒன்றனையும் உங்கள் முன் வைக்கவே இசைந்தேன். குற்றங் காணின் பொறுத்தருள்வீர்களாக.

நம் முன்னோர் இல்லறத்தைப் பேசுமிடத்துப் பிரிவையும் உடன் வைத்தே பேசினர். கல்வியின் பொருட்டும், போரின் பொருட்டும், தூதின் பொருட்டும், பொருளின் பொருட்டும் தலைவன் பிரிந்து செல்லுதலைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. கடல்வழிச் செல்லும் செலவு மகளிரொடு நிகழ்வதன்று என்னும் வரையறையும் அந்நூலின் அகத்திணையியலில் உண்டு. ஆதலின் அக்காலத்துப் பிரிவு கணவனுக்கும் மனைவிக்கும் இடையே நிகழ்ந்தது; பாலை அவ்விருவர்க்கும் நடுவே கிடந்தது.

இக்காலத்தில் அவ்வரையறை நெகிழ்ந்துவிட்டது. கணவனும் மனைவியும் குழந்தையும் ஒரே விமானத்தில் ஏறிச் செல்கின்றனர். அதனைக் கண்டு, பிரிவுத் துன்பம் தீர்ந்தது என்று நாம் மகிழ்கின்றோம். உண்மையில் அப்பாலை நிலம் இடம் பெயர்ந்திருக்கின்றது. இன்று அது பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே கிடக்கின்றது. அங்கே நாளடைவில் வற்றிப்போவது இருவரும் பேசும் மொழியே. அதனை வற்றாமற் காத்தல் யார் கடமை என்பதே யான் இன்று ஆராயப் புகுந்த பொருள்.

என் தம்பி நம்மூர்ப் பள்ளியில் தமிழ் வழியிற் பயின்றவன். யான் நன்னூற் சூத்திரங்களை உருப்போட்ட அதே திண்ணையில் அவன் ஆங்கில வினைச்சொற்களை உருப்போட்டான். எங்கள் தாயார் இருவர் ஓசையையும் கேட்டுக்கொண்டே நெல் புடைப்பார். பின்னர் அவன் ஆங்கில இலக்கியம் கற்றுச் சில காலம் இங்கே ஒரு கல்லூரியில் ஆசிரியனாயிருந்தான். ஒன்பதாண்டுகட்கு முன் முனைவர் பட்டத்திற்காக மனைவியோடும் இரண்டு வயதுப் பெண்குழந்தையோடும் அமெரிக்கா சென்றான். பட்டம் பெற்றபின் அந்நாட்டின் நடுப்பகுதியிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் ஆசிரியனாய் அமர்ந்தான்.

அவன் ஆங்கிலம் கற்பிப்பது யார்க்கு என்று பலர் என்னை வினவுவதுண்டு. ஆங்கிலத்தையே தாய்மொழியாக உடைய அமெரிக்க மாணவர்க்குத்தான். இதனைக் கேட்டவுடன் நம்மவர் நகைக்கின்றனர். கொல்லன் தெருவில் ஊசி விற்பதா என்கின்றனர். அந்நாட்டுக் கல்லூரிகளில் பொறியியல் கற்பாராயினும் வணிகவியல் கற்பாராயினும், முதலாண்டு மாணவர் கட்டுரை எழுதும் பயிற்சி வகுப்பில் அமர்தல் பெரும்பாலும் கட்டாயம். பேசத் தெரிந்த மொழியில் ஒழுங்குபட எழுதத் தெரிந்தவர் எந்நாட்டிலும் சிலரே. நம் பிள்ளைகள் தமிழ்க் கட்டுரை எழுதும் அழகை நாள்தோறும் காணும் எனக்கு இதில் வியப்பில்லை. ஒரு வகுப்பிற்கு ஏறத்தாழ இருபது மாணவர். ஒவ்வொருவரும் ஒரு கட்டுரையை முதலில் வரைந்து, ஆசிரியன் குறிப்பைக் கண்டு, மீண்டும் வரைந்து தருவர். அவன் சனி ஞாயிறுகள் இப்பணியிலேயே கழியும்.

இப்பணியைப்பற்றி அவன் எனக்குக் கூறிய செய்தி ஒன்றனை நீங்கள் நினைவில் வைத்தல் வேண்டும். மாணவன் கட்டுரையைக் கையில் எடுத்தவுடன் பிழைகளைச் சிவப்பு மையால் வெட்டித் தள்ளுதல் அங்கே நன்முறையாகக் கருதப்படுவதில்லையாம். அவன் கூற முயன்ற கருத்து யாது என்பதை ஆசிரியன் முதலில் உணர்ந்து, அக்கருத்திற்கு மறுமொழி எழுதுதல் வேண்டும். இலக்கணத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். முதலிலேயே வெட்டினால் மாணவன் தனக்குத் தெரிந்த சிறு வாக்கியங்களுக்குள் ஒடுங்கிவிடுவான். புதிதாக ஒன்றைச் சொல்லத் துணியமாட்டான். இதனைக் கேட்டபோது யான் உடன்படவில்லை. பிழை கண்டவிடத்துக் களைதலே ஆசிரியன் கடன் என்று தொலைபேசியில் நெடுநேரம் வாதிட்டேன். அவன் சிரித்துவிட்டு, “சரி அண்ணா, கட்டுரைகள் காத்திருக்கின்றன” என்று விடைபெற்றான்.

நிற்க. இனி அவன் இல்லத்தின் நிலையைக் கூறுவேன்.

அவ்வூர் பனிக்காலத்தில் நம்மூர்க்குப் பதினொன்றரை மணி நேரம் பிற்பட்டது. வேனிலில் பத்தரை மணி நேரம். பனிக்காலத்தில் மாலை ஏழு மணிக்கு எங்கள் தாயார் விளக்கேற்றிக் கைப்பேசியில் அழைத்தால், அங்கே காலை ஏழரை. குழந்தை ஒரு கையில் ரொட்டித் துண்டும் மறு கையில் புத்தகப் பையுமாய்ப் பள்ளிப் பேருந்திற்கு ஓடிக்கொண்டிருப்பாள். “ஆயா, பை” என்னும் இரண்டு சொல்லோடு அவ்வுரையாடல் முடியும். அங்கே அவள் ஓய்ந்திருக்கும் மாலையில் இங்கே விடியற்காலை. தாயார் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார். ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்கும் உறவில் எத்துணைப் பேச்சு வளர்தல் கூடும்?

தம்பியின் மனைவி இங்கே ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியொன்றிற் பணியாற்றியவள். மாணவன் மனைவியாய்ச் சென்றபோது அந்நாட்டுச் சட்டப்படி அவள் வேலை செய்ய இயலாது. கணவன் ஆசிரியனான பின்னும் எச்-4 என்னும் அனுமதியில் இருக்கின்றாள். அதனை உடையார்க்கும் பொதுவாக அவ்வுரிமை இல்லை. 2015ஆம் ஆண்டு முதல், கணவனது நிலைத்த குடியிருப்பு விண்ணப்பம் ஒரு படியைக் கடந்தால் மனைவி வேலைக்கு அனுமதி கோரலாம் என்னும் விதி உளது. தம்பியின் விண்ணப்பம் அப்படியை இன்னும் எட்டவில்லை. தன் சம்பளத்தில் தன் தாய் தந்தையர்க்கு மருந்து வாங்கி அனுப்பியவள், அங்கே ஒரு புடவை வாங்கவும் கணவன் அட்டையை எதிர்பார்த்திருக்கின்றாள். வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் நாம் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

நான்காண்டுகட்கு முன் எங்கள் தந்தையார் காலமானார். தம்பி வந்து சேர இரண்டு நாளாகும் என்றான். கோடைக்காலம், உடலை வைத்திருத்தல் இயலவில்லை. யானே கொள்ளி வைத்தேன். என் மகன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அதன் வழியே தம்பி கண்டான். அங்கே அப்போது நள்ளிரவு. இதனை விரித்துரைக்க எனக்கு வலிமையில்லை. அயல்நாட்டில் வாழ்வோர் குடும்பத்தில் இத்தகைய இரவு ஒன்றேனும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இனி, மொழிக்கு வருவோம். சென்ற புதிதில் தம்பி, வாயிற்படிக்கு உள்ளே தமிழே பேசுதல் வேண்டும் என்று விதி செய்தான். குழந்தை பள்ளியிற் சேரும் வரையில் அவ்விதி நன்கு நடந்தது. பள்ளியிற் சேர்ந்த பின்னர் அவள் உலகம் முழுதும் ஆங்கிலமாயிற்று. தோழியர், பாடம், விளையாட்டு, கதை யாவும் அம்மொழியிலேயே நிகழ்ந்தன. வீட்டில், “இன்று பள்ளியில் என்ன நடந்தது?” என்று தமிழிற் கேட்டால், நடந்தவற்றிற்குத் தமிழ்ச்சொல் அவளிடம் இல்லை. தமிழிற் சொல் என்று வற்புறுத்தினால், “ஒன்றும் இல்லை” என்று முடித்துவிடுவாள். தமிழில் ஒன்றும் இல்லை, ஆங்கிலத்தில் ஓராயிரம். மகள் மனத்தில் உள்ளதை அறிதல் பெரிதா, விதியைக் காத்தல் பெரிதா என்னும் இக்கட்டு பெற்றோர்க்கு நேர்ந்தது. அவர்கள் மகளையே தெரிந்துகொண்டனர். இதற்காக அவர்களைக் குறைகூற யாரே வல்லார்?

தாய்க்கு வேறொரு காரணமும் இருந்தது. கடையிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் அவள் ஆங்கிலத்திலேயே பேசியாதல் வேண்டும். கணவன் பல்கலைக்கழகத்திலிருந்து இருட்டிய பின்னரே வருவான். ஆதலின் அவளுக்கு ஆங்கிலப் பேச்சுக் கற்பித்த ஆசிரியை அவள் மகளே. நாள் முழுதும் பிறர் பிள்ளைகட்கு ஆங்கிலம் கற்பிக்கும் கணவன் வீடு திரும்பும்போது, மகள் தாய்க்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருப்பாள். தமிழ் எவ்விடத்தே நுழையும்?

கடந்த வேனிலில் அவர்கள் ஊர்க்கு வந்தனர். அவர்கள் விடுமுறை தொடங்கும் காலத்தில் நம் பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து திறந்துவிடுகின்றன. ஆதலின் என் மக்கள் பள்ளிக்குச் செல்ல, பதினொரு வயதுப் பெண் பகலெல்லாம் தனியே திண்ணையில் அமர்ந்திருந்தாள். ஆயினும் முதல் வாரத்தில் அவள் உற்சாகத்தோடுதான் இருந்தாள். எங்கள் தாயாரோடு கொல்லைக்குச் செல்வாள், கன்றுக்குட்டியைத் தடவுவாள், தெரிந்த தமிழிற் பேசுவாள்.

ஒருநாள் உறவினர் பலர் எங்கள் வீட்டில் கூடியிருந்தனர். யான் பள்ளியிலிருந்து வந்து அவர்களோடு உரையாடிக்கொண்டிருந்தேன். குழந்தை வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவந்து, “பெரியப்பா, நான் பசிக்கிறேன்” என்றாள்.

அனைவரும் கொல்லென்று நகைத்தனர். முதலில் நகைத்தவன் யானே. நகைத்ததோடும் அமையவில்லை. “தமிழ்ப் பண்டிதன் வீட்டில் இப்படிப் பேசலாமா?” என்று கூறி, “எனக்கு என்பது நான்காம் வேற்றுமை, எனக்குப் பசிக்கிறது என்று சொல்லுதல் வேண்டும், எங்கே, சொல்” என்று அனைவர் முன்னும் அவளை மும்முறை சொல்ல வைத்தேன். அவளும் சொன்னாள். பிறகு தலைகுனிந்து உள்ளே சென்றாள். பசித்து வந்த குழந்தைக்குச் சோறிடுமுன் யான் இலக்கணத்தை இட்டேன்.

மறுநாள் முதல் அவள் தமிழிற் பேசுவது நின்றது. வேண்டியதைத் தாயிடம் ஆங்கிலத்திற் கூறுவாள். தாய் எங்களுக்குத் தமிழிற் கூறுவாள். எங்கள் தாயார், “கண்ணு, ஆயாவோடு பேசமாட்டாயா?” என்று கேட்டால் புன்னகை மட்டுமே விடை. அவள் தாய் என்னிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே என் மனைவியிடம், “அங்கே ஒன்பது வருஷம் காப்பாற்றிக் கொண்டுவந்தேன், அக்கா” என்று மட்டும் கூறினாளாம். என் மனைவி அதனை என்னிடம் கூறிய இரவு யான் நெடுநேரம் உறங்கவில்லை.

அவர்கள் புறப்படுதற்கு நான்கைந்து நாட்களுக்கு முன், குழந்தையை நம்மூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். அக்கோயிற் சுவரிலே முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளை ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன என்பதும், குடவோலை முறையால் ஊர்ச்சபை வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த வரலாற்றை அவை கூறுகின்றன என்பதும் நீங்கள் அறிந்தனவே. முப்பது குடும்புகளாக ஊர் பகுக்கப்பட்டிருந்ததையும், வாரியத்திற்கு நிற்பவன் தன் சொந்த மனையிலே வீடெடுத்துக் குடியிருத்தல் வேண்டும் என்பதையும், கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் விலக்கப்பட்டதையும் அவளுக்கு விளக்கினேன். ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, அவற்றுள் எழுதியிருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டே எடுப்பித்தனர் என்றபோது அவள் கண்கள் மலர்ந்தன. “சின்னப் பையனா?” என்று தமிழிற் கேட்டாள். பல நாட்களுக்குப்பின் அவள் என்னிடம் பேசிய முதற்சொல் அது.

பின்னர்ச் சுவரின்மேல் விரலை வைத்து, “பெரியப்பா, இதைப் படி” என்றாள்.

யான் பார்த்தேன். கிரந்த எழுத்தும் பத்தாம் நூற்றாண்டுத் தமிழெழுத்தும் விரவிய அவ்வரிகளில் ஈரெழுத்து மூவெழுத்துக்குமேல் எனக்குக் கூடவில்லை. வெங்கையா முதலிய கல்வெட்டறிஞர் படித்து வெளியிட்டவற்றின் வழியே யான் அதன் பொருளை அறிவேன்; கல்லைப் படிக்கும் பயிற்சி எனக்கில்லை. இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் தமிழ் கற்பித்து, நாற்பது வயதைக் கடந்தவன் யான். “எனக்கு இதைப் படிக்கத் தெரியாதம்மா” என்றேன்.

“இது தமிழ்தானே?”

“தமிழ்தான். பழைய எழுத்து.”

அவள் நகைக்கவில்லை. என் கையைப் பற்றிக்கொண்டு, “பரவாயில்லை, பெரியப்பா” என்றாள்.

அன்பர்களே! அவள் நகைத்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அன்றிரவு மற்றொன்றும் என் நினைவிற்கு வந்தது. “நான் பசிக்கிறேன்” என்பதை வழுவென்று அடித்தேனே, அது முற்றும் வழுவா? இக்கால வழக்கிற்கு அது பொருந்தாது என்பது மெய்யே. ஆனால் நம் பழைய செய்யுள் வழக்கில் பசித்தல் என்னும் வினைக்கு மக்களே எழுவாயாய் நிற்பர். பசித்தான், பசித்தாள், பசித்தேன் என்பன இலக்கணமுடையனவே. பசித்தவர் என்று நாம் இன்றும் சொல்லுகின்றோம். பசித்த குழந்தை என்று எழுதுகின்றோம். அக்குழந்தை ஆங்கிலத்தின் வழியாக நடந்து நம் பழந்தமிழின் வாயிலில் வந்து நின்றாள். பண்டிதனாகிய யான் அவ்வாயிலை அறியாமற் கதவைச் சாத்தினேன்.

இவ்வாறு யான் மனம் நொந்திருந்த காலத்து ஒருவர் வரலாறு எனக்கு ஆறுதலளித்தது. ஏ. கே. இராமானுஜன் 1929ஆம் ஆண்டில் மைசூரிற் பிறந்தவர். தந்தையார் கணிதப் பேராசிரியர். தந்தையாரிடம் ஆங்கிலம், தெருவிற் கன்னடம், தாயாரிடம் தமிழ் என மூன்று மொழிகளுக்கிடையே அவர் வளர்ந்தார். கொல்லம், பெல்காம், பரோடா முதலிய ஊர்களில் ஆங்கில ஆசிரியராயிருந்து, பின்னர் அமெரிக்கா சென்றார். 1962ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்திற்கு வந்த புதிதில், அங்குள்ள நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடப் புகுந்தார். ஆண்டு அவர் கைக்கு அகப்பட்டது, டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு. அந்நூல் அவர் வாழ்க்கையையே திருப்பிற்று. 1967ஆம் ஆண்டில் அவர்தம் குறுந்தொகை மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழரல்லாத உலகம் சங்கச் செய்யுளைக் கவிதையாகச் சுவைத்தற்கு அந்நூல் பெருந்துணையாயிற்று. 1993ஆம் ஆண்டில் இறக்கும் வரையில் அவர் சிகாகோவிலேயே பணியாற்றினார்.

இதனால் யான் உணர்ந்தது யாதெனின், அவரைக் குறுந்தொகைக்கு அழைத்துச் சென்ற தமிழின் முதல் விதை தாயாரின் பேச்சிலே இடப்பட்டது. அஃது அன்போடு செவியிற் புகுந்த தமிழ். முப்பத்துமூன்று வயதில், பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஒரு நிலவறையில் அஃது முளைத்தது. நம் குழந்தைகள் யாவரும் இராமானுஜன் ஆவர் என்று யான் கூறவில்லை. செவியிற் புகுந்த தமிழை ஏளனத்தால் வெளியேற்றாதிருந்தாற் போதும் என்கின்றேன்.

மற்றொரு பேராசிரியரையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழராகிய சுரேஷ் கனகராஜா அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1990ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றவர். போர் நிகழ்ந்த காலத்தே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். 1994ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, அங்கும் ஆங்கிலம் எழுதும் கல்வியையே தம் துறையாகக் கொண்டார். ஆங்கிலம் கற்பிக்கும் அத்தமிழர், புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் இல்லங்களில் தமிழ் எவ்வாறு தேய்கின்றது என்பதைக் கனடாவின் டொராண்டோவிலும், இலண்டனிலும், கலிபோர்னியாவின் லங்காஸ்டர் என்னும் ஊரிலும் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாய்மொழியைக் காக்கும் பொறுப்பு முழுதும் குடும்பத்தின்மேலேயே உளது என்று அறிஞர் பலர் கூறிவந்தனர். கனகராஜா அக்கருத்தை ஐயுற்று வினாக்களை எழுப்பினார். குடும்பம் நாற்புறமும் மதிலெடுத்த கோட்டையன்று. வேலை, பள்ளி, கடந்தகால வரலாறு ஆகியவற்றின் அழுத்தம் அதனுள்ளே புகுந்துகொண்டேயிருக்கும். அதனைத் தனியே விட்டுவிட்டு, ‘நீயே காத்துக்கொள்’ என்றல் பொருந்தாது என்பது அவர் ஆராய்ச்சியின் சாரம். பிற்பட்ட கட்டுரைகளில், சிறிதளவே தமிழறிந்த இளைஞரும் அச்சிறிதைக் கொண்டே தம்மைத் தமிழராக நிலைநிறுத்திக்கொள்ளுதலையும் அவர் எடுத்துக்காட்டினார். நாம் ‘அரைகுறை’ என்று தள்ளுவதை அவர்கள் கைப்பொருளாகப் போற்றுகின்றனர்.

இவற்றைப் படித்தபின், “ஏனம்மா குழந்தைக்குத் தமிழ் சொல்லித்தரவில்லை?” என்று என் தம்பி மனைவியை நம் உறவினர் ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி எத்துணைக் கொடியது என்பதை உணர்ந்தேன். குற்றம் முழுதையும் அயல்நாட்டில் தனித்து நிற்கும் ஒரு பெண்ணின் தலைமேல் வைத்துவிட்டு, நாம் இங்கே மாலை நேரத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கின்றோம்.

ஆதலின் இவ்வவையின்கண் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றேன்.

முதலாவது, வேனிலில் வரும் பிள்ளைகள் பேசும் தமிழ் எத்தகையதாயினும் அவர்கள் கூற வந்த பொருளுக்கு முதலில் விடை கூறுவோம். பசி என்றால் சோறிடுவோம். நீர் என்றால் நீர் தருவோம். திருத்த வேண்டுமாயின், நம் விடையிலேயே நேரிய தொடரை அமைத்துக் கூறினாற் போதும்: “உனக்குப் பசிக்கிறதா? வா, கண்ணு.” இதைவிடச் சிறந்த இலக்கணப் பாடம் இல்லை. அவையில் நகைத்தலை அறவே ஒழிப்போம். என் தம்பி கூறிய ஆசிரிய முறையின் உண்மை எனக்கு விளங்க ஒரு குழந்தையின் மௌனம் வேண்டியிருந்தது.

இரண்டாவது, இங்குள்ள தாத்தாக்களும் பாட்டிமார்களும் வாரத்திற்கு ஒருநாளேனும், அங்கே ஓய்வாயிருக்கும் நேரம் பார்த்து அழைத்துப் பேசுதல் வேண்டும். “சாப்பிட்டாயா, எப்போது வருவாய்” என்பதோடு நில்லாமல் ஒரு கதையைத் தொடங்கி, முடிவை அடுத்த வாரத்திற்கு நிறுத்துங்கள். நம் ஆயாமார்க்கு இதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை. எங்கள் தாயார் இப்போது ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு இதனைச் செய்து வருகின்றார். அங்கே அது சனிக்கிழமை இரவு. நரி ஒன்று ஏரிக்கரையில் மூன்று வாரமாகக் காத்திருக்கின்றது.

மூன்றாவது, நம் சங்கம் ஆண்டுதோறும் ஆனி ஆடித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைகுண்டப் பெருமாள் கோயிலில் ஒரு வகுப்பு நடத்தல் வேண்டும். கல்வெட்டுப் படிக்க வல்லார் ஒருவரை வருவித்து, அச்சுவரின் எழுத்தை நமக்குக் கற்பிக்கச் செய்வோம். உள்ளூர்ப் பிள்ளையும் அயல்நாட்டுப் பிள்ளையும் தமிழாசிரியனாகிய யானும் ஒரே வரிசையில் அமர்ந்து முதலெழுத்திலிருந்து தொடங்குவோம். அங்கே ஒருவரை ஒருவர் நகைத்தற்கு இடமிராது. உள்ளூர்ப் பிள்ளைகள் வந்தவர்க்குத் துணையாயிருப்பர். நட்புண்டானால் பேச்சு தானே வளரும். இதற்காகும் செலவில் என் பங்காக ஆயிரம் ரூபாயைச் செயலாளரிடம் இன்றே ஒப்படைக்கின்றேன்.

அயல்நாட்டிலுள்ள நம்மவர்க்கும் ஒரு சொல். இவ்விதழ் உங்கள் இல்லங்கட்கும் வருகின்றது. வீட்டில் தமிழே பேசுக என்று காவலன்போல் விதி செய்யாதீர்கள். விதி மீறப்படும் நாள்தோறும் தமிழ் குற்றத்தின் பெயராகிவிடும். உணவோடும் கதையோடும் தாலாட்டோடும் தமிழை இணையுங்கள். பள்ளியின் செய்தியை அவர்கள் எம்மொழியிற் கூறினும் செவிகொடுத்துக் கேளுங்கள். மகள் மனத்திற்கும் உங்கட்கும் இடையே பாலை விழுதல், ஆயாவுக்கும் அவளுக்கும் இடையே விழுந்த பாலையினும் கொடிது.

முன்னாளில் ஊர்ப்பணிக்கு நிற்பவன் சொந்த மனையில் வீடுடையவனாதல் வேண்டும் என்று நம்மூர்ச் சபையார் விதித்தனர். என் தம்பிக்கு இன்று அந்நாட்டில் சொந்த மனையில்லை. ஆண்டுக்கணக்கில் நீளும் அனுமதிச் சீட்டின்மேல் அவன் வீடு நிற்கின்றது. இங்கே அவன் பங்கு மனை பூட்டிக் கிடக்கின்றது. அக்குழந்தைக்கு எது சொந்த மனை என்று யான் பலகால் எண்ணினேன். அவள் தப்பும் தவறுமாகப் பேசினும் கேட்டு விடைகூறுவார் எங்கே இருக்கின்றனரோ, அவ்விடமே அவளுக்குச் சொந்த மனை என்று இப்போது தோன்றுகின்றது.

சென்ற வாரம் அவள் என்னை அழைத்தாள். பேச்சினிடையே, “பெரியப்பா, நான் பசிக்கிறேன், அம்மா சமைக்கிறாள்” என்றாள். யான் திருத்தவில்லை. “உனக்குப் பசிக்கிறதா? அம்மா என்ன சமைக்கிறாள்?” என்று கேட்டேன். அவள் ஐந்து நிமிடம் அதனை விளக்கினாள். அவற்றுள் பாதி ஆங்கிலம். யான் முழுதும் கேட்டேன்.

வாழ்க நம் இல்லங்கள்! வளர்க தமிழ்!